பெட்டிக்காரரின் ஆள்காட்டி விரல்

பல் கிளினிக்குக்கு நேர் மேல்மாடியில் ஒருவர் பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டூடியோ நடத்துகிறார் என்றால், ஒன்று அவருக்குக் காது கேட்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே இருக்கும் பல் டாக்டர் அவருடைய மனைவியின் அண்ணனாக இருக்க வேண்டும். பெட்டிக்காரருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கீழே பல்லைத் துளைக்கும் மிஷின் ஓடினால், மேலே மைக் அதையும் பாட்டோடு சேர்த்துக்கொண்டுவிடும். அதனால் மச்சானும் மாப்பிள்ளையும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பெட்டிக்காரர் மாடிப்படிக் கம்பியில் ஸ்பானரால் இரண்டு தட்டு தட்டினால், பாட்டு ஆரம்பம், துளையை நிறுத்து என்று அர்த்தம். கீழேயிருந்து மூன்று தட்டு வந்தால், இங்கே ஒருவர் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார், சீக்கிரம் முடி என்று அர்த்தம். இந்த ஏற்பாட்டில் எத்தனையோ காதல் பாட்டுகளும் எத்தனையோ கடைவாய்ப் பற்களும் கரையேறியிருக்கின்றன.

அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர் வரக் காரணம், மேஜைமேல் உட்கார்ந்திருந்த சாம்பல் நிறப் பெட்டி. கையால் திருப்பும் ஐந்து திருகு, ஒரு ஊசி ஆடும் மீட்டர், ஒரு பொத்தான், அதன் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான். அது ஒரு கம்ப்ரெஸர். பாடுகிறவர் திடீரென்று குரலை உயர்த்தினால் அது மேலே கை வைத்து அமுக்கும். அமுக்கியதில் கிடைக்கும் இடத்தில் மெல்லிய குரலைத் தூக்கி வைக்கலாம். கிசுகிசுப்பும் கூச்சலும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்குள்ளேயே இதைச் செய்ய நூறு வழி இருக்கிறது. ஆனால் பெட்டிக்காரருக்கு அவையெல்லாம் பிளாஸ்டிக் பூ.

"மாப்ளே, எங்கிட்டயும் கீழ ஒரு கம்ப்ரெஸர் இருக்கு" என்பார் மச்சான். "காத்தை அமுக்கி மிஷினுக்கு அனுப்புது. அது பல்லையாவது குடையுது. உங்களுது என்ன பண்ணுது?"

"மனசைத் தொடுது மச்சான்."

"தொடட்டும். மரத்துப்போக ஊசி போட்டுட்டுத் தொடச் சொல்லுங்க."

அந்தப் பெட்டியைச் செய்தவரை எல்லோரும் காதம்மா என்பார்கள். முப்பது வருஷம் காதுக்கு வைக்கும் மிஷின்களைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வருஷத்துக்குப் பத்துப் பெட்டி, ஒவ்வொரு கம்பியும் தன் கையால் பற்றவைத்துச் செய்வார். யார் கேட்டாலும் கொடுத்துவிட மாட்டார். பெண் கொடுப்பதுபோல விசாரிப்பார். பெட்டிக்காரரை எதிரில் உட்கார வைத்து அரை மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் கேட்டார்.

"தம்பி, என் வீட்டு ஃப்ரிட்ஜ் இப்ப ஓடுதா, நின்னிருக்கா?"

"நின்னிருக்கும்மா. நீங்க எங்க வீட்டுக்காரி என்ன வேலை பாக்குறான்னு கேட்டப்ப நின்னுச்சு."

காதம்மா உடனே உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று பெட்டிக்காரர் பிறந்த குழந்தையைப் போல அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினார். வாஷிங் மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததில்தான் அது வந்தது. அவர் மனைவி அழவில்லை, கத்தவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"இதுல துணி போடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அவளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படித்தான். மழலையர் பள்ளியில் நாற்பது குழந்தைகளை மேய்ப்பவள். ஒரு குழந்தையின் காதில் ரகசியம் சொல்லிக்கொண்டே, அதே மூச்சில் எதிர்ச்சுவரில் ஏறும் இன்னொரு குழந்தையை இறக்கிவிடுவாள். அந்தக் குரல் எந்த நொடியில் பூவாக இருக்கும், எந்த நொடியில் இடியாக விழும் என்று இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவருக்கே தெரியாது.

அந்தக் குரல் பாடவும் செய்யும். பாடிக்கொண்டும் இருந்தது, பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு வரை. கல்யாணமான புதிதில் அவர் ஆசை ஆசையாக அவள் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். அப்போது அவரிடம் இருந்தது ஒரு மட்டமான கம்ப்ரெஸர். புது மனைவி மேல் இருந்த அன்பையெல்லாம் திருகில் காட்டி, குரலை அளவுக்கு மீறி அமுக்கிவிட்டார். குடும்பமே கூடியிருக்கும்போது பாட்டைப் போட்டார். டீச்சரின் அம்மா காதைச் சாய்த்து வைத்துக் கேட்டுவிட்டு, "யாரு பாடுறது? போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கே" என்றார்.

டீச்சர் எழுந்து உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் மைக் முன்னால் நிற்கவே இல்லை. அந்த ஒரு வாக்கியம் பெட்டிக்காரரின் நெஞ்சில் பத்தொன்பது வருஷமாக உறங்காமல் உட்கார்ந்திருந்தது. நல்ல பெட்டி வேண்டும் என்று அவர் அலைந்ததெல்லாம் அதனால்தான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வாஷிங் மெஷின் விஷயத்திலாவது கொஞ்சம் மன்னிப்புக் கிடைத்திருக்கும்.

விதி ஒரு மத்தியான வேளையில் மாடிப்படி ஏறி வந்தது. டிவி சீரியல் டைரக்டர் ஒருவர் வேறு வேலையாக ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தார். படியில் டீச்சரின் குரல் கேட்டது.

"சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவே இல்லையா?" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அடுத்த நொடி, பக்கத்தில் வந்து நெற்றியில் கை வைத்து, கேட்டதா இல்லையா என்னும்படியாக, "என்னங்க, உடம்பு எதுவும் சரியில்லையா?"

டைரக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சார், இந்தக் குரல்தான் எனக்கு வேணும். என் கதையில அம்மா மகளை வீட்டை விட்டுத் துரத்துறா. துரத்திட்டு, கதவுக்குப் பின்னால நின்னு அழறா. மேடம் பாடுவாங்களா?"

டீச்சர் மறுநாள் காலை, துணி பிழிந்துகொண்டே சொன்னாள்.

"பாடறேன். ஆனா ஒண்ணு. இந்தத் தடவையும் என் மேல போர்வையைப் போட்டீங்கன்னா, அப்புறம் சமையல்கட்டுல கூட ஒரு பாட்டு முணுமுணுக்க மாட்டேன். உங்க ஆயுசுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் மூடியிருந்த நேரம் பார்த்துப் பாடினாள். இரண்டே தடவை. துரத்தும் வரியில் மீட்டர் ஊசி முட்டிக்கொண்டு நின்றது. அழும் வரியில் ஊசி தூங்கியது. பெட்டிக்காரர் கண்ணாடிக்கு இந்தப்புறம் கை கூப்பாத குறையாக உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை மிக்ஸிங் ஆரம்பம். டீச்சரின் குரலைப் பெட்டிக்குள் அனுப்பினார். இந்தத் தொழிலில் ஒழுங்கானவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பெட்டி உண்மையில் நல்லது செய்கிறதா என்று பார்க்க, பொத்தானை அழுத்திப் பெட்டியை விலக்கிவிட்டு ஒரு முறை கேட்பார்கள். விலக்கினால் குரல் பெட்டியைத் தொடாமல் பக்கவாட்டில் போய்விடும். சத்தம் கூடினால் எதுவும் நன்றாகத் தெரியும் என்பதால், இரண்டு பக்கமும் ஒரே அளவு கேட்கும்படி முதலிலேயே சரிசெய்துகொள்வார்கள். பெட்டிக்காரர் ஒழுங்கானவர். அளவைச் சரிசெய்தார். பொத்தானை அழுத்திப் பெட்டியை விலக்கினார். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது.

"கேஸை அணைச்சீங்களா?" என்றாள் டீச்சர், பள்ளியிலிருந்து.

"அணைச்சேன்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

இதற்கு மேல் எந்தக் கணவனும் உட்கார்ந்திருக்க மாட்டான். தெருவைக் கடந்து வீட்டுக்கு ஓடினார். கேஸ் அணைந்துதான் இருந்தது. இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, அணைய வேண்டியதெல்லாம் அணைந்திருக்கிறது என்ற நிம்மதியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலையைத் தொடர்ந்தார். பொத்தானை மறந்தார்.

பொத்தானுக்குப் பக்கத்து விளக்கு பழுதில்லாமல் இருந்திருந்தால், அது அணைந்ததைப் பார்த்தே தெரிந்திருக்கும். அது ஃப்யூஸ் போய் மூன்று மாசம். ஊசி ஆடாமல் இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும். ஆனால் காதம்மா செய்த பெட்டியில், விலக்கி வைத்தாலும் ஊசி ஆடும். உள்ளே விட்டால் எவ்வளவு அமுக்குவேன் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஊசி அழகாக ஆடியது. பெட்டிக்காரர் ஊசியைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

மூன்று நாள். திருகை மயிரிழை திருப்புவார், கண்ணை மூடுவார், "ஆகா, இப்ப ஒரு சூடு வருது" என்பார். இன்னும் மயிரிழை. "இப்ப மூச்சு விடுது." ஆனாலும் டீச்சரின் குரல் அங்கங்கே துள்ளிக்கொண்டுதான் இருந்தது. முரட்டுக் குரல், பெட்டிக்குப் பழக நாளாகும் என்று மேலும் கொஞ்சம் திருகினார். மிச்சத் துள்ளலைச் சமாளிக்க, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டையில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டார். அவள் இடிக்கும் இடத்தில் விரல் இறங்கும். கிசுகிசுக்கும் இடத்தில் ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். துரத்தும் வரிக்கு முன்னால் அவள் எச்சில் விழுங்குவாள், அங்கே விரல் காத்திருக்கும். ஒரு வரியை நாற்பது தடவை, ஐம்பது தடவை. இதெல்லாம் சில்லறை வேலை, பெரிய வேலையைப் பெட்டி பார்த்துக்கொள்கிறது என்பது அவர் எண்ணம்.

மூன்றாம் நாள் விரல் கொப்புளித்துவிட்டது. மச்சான் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

"பெட்டிதான் வேலை பாக்குதுன்னா விரல் ஏன் மாப்ளே கொப்புளிக்குது?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது மச்சான்."

வியாழக்கிழமை டைரக்டர் வந்து கேட்டார். டீச்சரும் சோபா ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். துரத்தும் வரியில் டைரக்டர் நிமிர்ந்தார், அழும் வரியில் கர்ச்சீப்பை எடுத்தார். டீச்சர் முகத்தில் கண்ணீர் ஓடியது. துடைக்கக்கூட இல்லை.

"இது என் குரல்" என்றாள் மெதுவாக. "இது நான்தான்."

அந்த நொடியில் பெட்டிக்காரர் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். அவர் எழுந்து நின்றார். பெட்டியின் தலையில் கை வைத்தார்.

"எல்லாம் இது பண்ணினது சார். டீச்சர் குரல் ஒரே கரடுமுரடு. பாதி கேக்காது, பாதி காதைக் கிழிக்கும். பட்டு மாதிரி ஆக்கினது இந்தப் பெட்டிதான். பெட்டி இல்லேன்னா பாட்டே இல்ல."

டைரக்டர் பெட்டியோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே இரண்டாவது பாட்டு வேண்டும், அம்மாவும் மகளும் சேரும் பாட்டு, என்றார்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்தாள்.

"அதுக்கென்ன. பெட்டியையே பாடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

பிறகு வீட்டில் பேச்சு இல்லை. பேச வேண்டியதெல்லாம் ஃபோனில் அண்ணன் வழியாக வந்தது. பெட்டிக்காரர் இந்த அறையில், டீச்சர் அந்த அறையில், நடுவில் பாவம் பல் டாக்டர், ஒரு கையில் குறடும் மறு கையில் ஃபோனுமாக. "மாப்ளே, தண்ணி மோட்டாரை நிறுத்தியாச்சான்னு கேக்குறா." "நிறுத்தியாச்சுன்னு சொல்லுங்க மச்சான்." "நிறுத்தியாச்சாம்." இரண்டாவது பாட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "பெட்டிக்கு எந்த ஸ்ருதி சௌகரியம்னு கேளுங்கண்ணா" என்று பதில் வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்துத் திறந்த கதவைத் தன் வாயாலேயே அடித்துச் சாத்திவிட்டாரே.

திங்கட்கிழமை மத்தியானம் காதம்மா வந்தார். பெட்டியின் பெருமையைப் பாடி ஆறு பக்கத்தில் பெட்டிக்காரர் எழுதிய கடிதம் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் விளக்கு எரியாததையும் ஒரு வரி எழுதியிருந்தார். அதனால் காதம்மா ஒரு சின்ன பல்பையும் பற்றவைக்கும் கோலையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"அந்தப் பாட்டைப் போடு தம்பி. நீ பண்ணின மாதிரியே பெட்டி வழியா விடு, கேப்போம்."

பாட்டு ஓடியது. காதம்மா கண்ணை மூடினார். பெட்டிக்காரர் அவர் முகத்தையே பார்த்தார். பாட்டு முடிந்தது.

"அருமையா இருக்கு" என்றார் காதம்மா. "ஆனா இதுல என் பெட்டி இல்லியே."

"என்னம்மா சொல்றீங்க? ஊசி ஆடுதே."

"ஊசி ஆடும். நான்தானே ஆட வெச்சேன்." பொத்தானில் விரலை வைத்தார். "ஃப்ரிட்ஜ் நின்னது தெரிஞ்ச உனக்கு, இது நின்னது தெரியலியா?"

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று பெட்டிக்காரருக்குத் தோன்றியது. விழுங்கினால் பல் கிளினிக்கில்தான் போய் விழ வேண்டும் என்பதும் தோன்றியது.

காதம்மா பொத்தானை அழுத்திப் பெட்டியை உள்ளே விட்டார். பாட்டை மறுபடி போட்டார்கள். மூன்று நாள், ஒன்றும் கேட்கவில்லையே என்று இன்னும் இன்னும் திருகிய திருகுகள் எல்லாம் சேர்ந்து டீச்சரின் மேல் ஏறி உட்கார்ந்தன. துரத்தும் அம்மா கெஞ்சினாள். அழும் அம்மா மூச்சுத் திணறினாள். பெட்டிக்காரரின் காதில் மாமியார் பேசினார், பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அதே குரலில். போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கே.

"நிறுத்துங்கம்மா" என்றார். "கேஸுக்கு ஒரு ஃபோன் வரலேன்னா, நான் மறுபடியும் போர்வையைப் போட்டிருப்பேன்."

"பெட்டி மேல தப்பில்ல. இவ்வளவு திருகினா யானையே படுத்துடும். சரி, அப்ப குரல் எப்படி இவ்வளவு சமனா நின்னுச்சு?" காதம்மாவின் பார்வை அவர் விரல் பிளாஸ்திரியில் போய் நின்றது. "ஓகோ" என்றார்.

பழைய பல்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி. நாலு மணிக்கு டைரக்டர் வர்றார்னு சொன்னே. திருகைக் கொஞ்சம் தளர்த்தி உள்ள விட்டுட்டா யாருக்கும் தெரியாது. எனக்கும் வருஷத்துக்குப் பத்துப் பெட்டி போகணும் பாரு."

பெட்டிக்காரர் பெட்டியைப் பார்த்தார். இத்தனை வருஷம் சம்பாதித்த பெயர் அந்தச் சாம்பல் தகரத்தில் மின்னியது. பிறகு எழுந்து படியிறங்கினார்.

கிளினிக்கில் மச்சான் ஒருவரின் வாயில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். பள்ளி விட்டு வந்த டீச்சர் அண்ணனுக்காக நோயாளிகளின் முறை எழுதிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், உங்க தங்கச்சிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. பெட்டி அணைஞ்சிருந்துச்சு."

"தங்கச்சி, பெட்டி அணைஞ்சிருந்துச்சாம்."

"எப்பலருந்துன்னு கேளுங்கண்ணா."

"எப்பலருந்து மாப்ளே?"

"நீ கேஸை அணைச்சீங்களான்னு கேட்ட நிமிஷத்துலருந்து." பெட்டிக்காரர் மச்சானை மறந்து நேராக அவளிடமே பேசினார். "மூணு நாளும் அது ஒரு வேலையும் பாக்கல. நான்தான் சும்மா கிடந்த திருகைத் திருகிட்டு, சூடு வருது, மூச்சு விடுதுன்னு உளறிட்டு இருந்தேன். அந்தப் பாட்டுல இருந்தது உன் குரல். அப்படியே உன் குரல். கூட இருந்தது இது மட்டும்தான்." பிளாஸ்திரி விரலை நீட்டினார்.

நாற்காலியில் இருந்தவர் பஞ்சோடு "ஆ" என்றார்.

"பேசாதீங்க, விழுந்துடும்" என்றார் டாக்டர்.

டீச்சர் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். "இதை டைரக்டர்கிட்ட சொல்வீங்களா?" கிசுகிசுப்பு.

"நாலு மணிக்கு வர்றார். சொல்றேன். அந்த ஃபோட்டோவையும் அழிக்கச் சொல்றேன்."

"அழிக்க வேணாம். அதுல பக்கத்துல நான் நிக்கிற மாதிரி இன்னொண்ணு எடுக்கச் சொல்லுங்க."

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில், அப்புறம் தொண்டையில், கடைசியில் கண்ணாடி அலமாரி அதிரும்படி. "அதோட தலையில வேற கை வெச்சீங்களே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாற்காலிக்காரரின் பஞ்சு விழுந்துவிட்டது.

டைரக்டரிடம் சொன்னபோது அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப என்ன மிஷின்தான் சார் போட்டீங்க?" பெட்டிக்காரர் விரலைக் காட்டினார். "இது எங்க கிடைக்கும்?" என்று டைரக்டர் நிஜமாகவே கேட்டார்.

"வெளிய தர்றதில்ல" என்றாள் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மறுபடி மைக் முன்னால் நின்றாள். காதம்மா மாற்றிய புது பல்பு பெட்டியில் இருந்தது. பெட்டி உள்ளே இருந்தால் எரியும், விலகியிருந்தால் எரியாது. பாடும் முன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அணைச்சீங்களா?"

"அணைச்சிருக்கேன்."

"நினைக்கிறீங்களா, நிஜமாவா?"

"தொட்டுப் பாத்துட்டேன்."

அவள் ஹெட்ஃபோனை மாட்டினாள். மூச்சு இழுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

"என்னங்க, மகளைக் கட்டிப்பிடிக்கிற வரியில நான் ரொம்பக் கத்துவேன். அந்த இடத்துல மட்டும் அதையும் கொஞ்சம் சேத்துக்கோங்க. கொஞ்சம்தான். பாவம், அதுவும் நம்ம வீட்டுல சோறு தின்ன பெட்டிதானே."

பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திருகுகளையெல்லாம் ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றை மட்டும் மயிரிழை நகர்த்தினார். பொத்தானை அழுத்தினார். சின்ன விளக்கு எரிந்தது. ஸ்பானரை எடுத்துப் படிக்கம்பியில் இரண்டு தட்டு தட்டினார், ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து.

மூடியிருந்த கிளினிக்கிலிருந்து பதிலுக்கு ஒரே ஒரு தட்டு வந்தது. பாட்டுக் கேட்க மச்சான் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்.